சிறு டிராக்டரில் புல்வெட்டியைச் சமமாக நிறுத்துவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் சொந்தமாகச் சிறு டிராக்டர் வாங்கிப் புல் வெட்டும் குத்தகை எடுக்கும் இளைஞர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. தமிழ்ப்பள்ளித் திடல், கோயில் வளாகம், செம்பனைச் சிறுதோட்டம், பழைய லயன் வீடுகளைச் சுற்றிய காலி நிலம் என்று வேலைக்குக் குறைவில்லை. வண்டி ஓட்டுவதைச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். ஆனால் வெட்டி முடித்த திடலில் ஒரு பக்கம் மண் தெரிய மொட்டை அடித்திருக்கும், பக்கத்துப் பட்டையில் புல் கணுக்கால் உயரம் நிற்கும். "பிளேடு மழுங்கிப்போச்சு போலண்ணே" என்பார்கள். பிளேடைத் தீட்டி வந்து வெட்டினாலும் அதே கோடு அதே இடத்தில் விழும். பின்னால் மாட்டிய கருவி கோணலாக நிற்பதுதான் அங்கே குறை. டிராக்டரின் பின் இணைப்பைச் சரிசெய்தால் அது தீரும். அரை நாள் ஒதுக்கினால் போதும், தனி மெக்கானிக் தேவையில்லை.

முதலில் பின்புறத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். இரண்டு கீழ்க்கைகள் இருக்கும், கருவியின் எடையைத் தூக்குவது இவைதாம். இவற்றை மேலிருந்து தாங்கும் இரண்டு செங்குத்துத் தண்டுகளை லிப்ட் ராட் என்கிறோம். பல வண்டிகளில் இடது ராட் ஒரே நீளத்தில் நிற்கும், வலது ராடைக் கைப்பிடி சுழற்றியோ முறுக்கியோ நீட்டலாம், குறைக்கலாம். இடது, வலது என்பதெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும் கணக்கு. நடுவில் மேலே ஒற்றையாக இருப்பது டாப் லிங்க். நடுக்குழாயைச் சுழற்றினால் இரு முனைகளிலும் உள்ள எதிரெதிர் மரைகள் ஒன்றாக வெளியே வரும் அல்லது உள்ளே போகும். கீழ்க்கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பவை செக் செயின்கள். சில வண்டிகளில் சங்கிலிக்குப் பதில் கம்பி இருக்கும்.

இந்த மூன்று முனை இணைப்பைக் கலப்பைக்காக உருவாக்கியவர் ஹாரி பெர்குசன். 1939-ல் வந்த போர்ட் 9என் டிராக்டரில் இது பொருத்தப்பட்டபின் உலகமெங்கும் பரவியது. கலப்பை மண்ணில் ஆழமாக இறங்கினால் டாப் லிங்க்கின் மேல் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தை உணர்ந்து ஹைட்ராலிக் தானாகவே கலப்பையைச் சற்றுத் தூக்கும். அருமையான ஏற்பாடு, ஆனால் புல்வெட்டிக்கு அது தேவையில்லை. உங்கள் வண்டியில் டிராப்ட் கன்ட்ரோல் என்று இரண்டாவது லீவர் இருந்தால், அது வேலை செய்யாத நிலைக்குத் தள்ளிவிடுங்கள். கருவியின் உயரத்தை வைக்கும் பொசிஷன் லீவர் மட்டும் போதும். டிராப்ட் லீவரை நடுவில் விட்டுவிட்டு, மேடு பள்ளத்தில் கருவி தானாக ஏறி இறங்குகிறது என்று ஹைட்ராலிக் பம்பைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கலப்பையும் மண் வாரும் பிளேடும் டிராக்டரில் தொங்கி வேலை செய்பவை. புல்வெட்டி தரையின் மேல் தன் சக்கரத்தில் ஓட வேண்டியது. டிராக்டரின் வேலை அதை இழுப்பதும் சுழற்றுவதும்தான். புதர்ப் புல்லை வெட்டும் முரட்டுப் புல்வெட்டியான ஸ்லேஷரில் மட்டும் முன்பக்க எடையைக் கொஞ்சம் தாங்கும். புல்வெட்டியைக் கலப்பைபோல் இறுகக் கட்டினால், டிராக்டர் குனியும் இடத்திலெல்லாம் புல்வெட்டியும் சேர்ந்து குனியும். திடலில் விழும் மொட்டைத் திட்டுகளில் பெரும்பாலானவை அப்படி வருபவை.

கை வைப்பதற்கு முன்

எஞ்சின் சக்தியைக் கருவிக்குக் கடத்தும் பிடிஓவை நிறுத்துங்கள். கைபிரேக்கை இழுங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு முழுவதும் நிற்கும்வரை பொறுங்கள், எஞ்சின் நின்ற பிறகும் அது சுற்றிக்கொண்டிருக்கும். ஹைட்ராலிக்கை நம்பித் தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில் கை, கால், தலை எதுவும் போகக்கூடாது. ஒரு சீல் தேய்ந்திருந்தாலோ, பக்கத்தில் நிற்கும் பிள்ளை லீவரைத் தொட்டாலோ முழு எடையும் இறங்கிவிடும். அடியில் வேலை இருந்தால் கட்டை மரத்தையோ ஜாக் ஸ்டாண்டையோ முட்டுக்கொடுத்த பிறகு குனியுங்கள். அவசரமாக வேலைக்குக் கிளம்பும் காலை நேரத்தில்தான் இந்த விதி மீறப்படுகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது டயர். பின் டயர்கள் இரண்டிலும் காற்று ஒரே அளவு இருக்க வேண்டும். எவ்வளவு என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் உச்ச அளவு, அதுவரை நிரப்பச் சொல்லவில்லை. ஒரு டயர் புதிது, மற்றது தேய்ந்தது என்றாலும் வண்டி ஒரு பக்கம் சாயும். டயரைச் சரிபார்க்காமல் லிப்ட் ராடைத் திருகுவது வீண் வேலை. நாளைக்குக் காற்று அடித்ததும் எல்லாம் மறுபடி கோணலாகிவிடும்.

பிறகு தளம். செம்மண் தரையில் அளந்தால் எந்த எண்ணையும் நம்ப முடியாது. தோட்டத்து வொர்க்‌ஷாப் தரை, கோயில் மண்டபத்து முன் சிமெண்டு, லயத்துப் பையன்கள் செப்பாக் தக்ராவ் ஆடும் தளம், எது கிடைத்தாலும் சரி. ஆனால் சிமெண்டுத் தரையும் மழைநீர் ஓடுவதற்காகக் கொஞ்சம் சரிவாகத்தான் ஊற்றியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. வண்டியை நிறுத்திக் கருவியின் இடது ஓரமும் வலது ஓரமும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சாக்பீஸால் தரையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பி, அதே இடத்தில் நிறுத்தி மறுபடி அளங்கள். முதலில் இடது உயரமாக இருந்து இப்போது வலது உயரமாக இருந்தால் தரைதான் சாய்ந்திருக்கிறது. இரண்டு முறையும் இடதே உயரமென்றால் கோணல் உங்கள் வண்டியில்.

மாட்டும்போதே கவனிக்க வேண்டியவை

சிறு டிராக்டர்களில் பரவலாக இருப்பது முதல் வகை (கேட்டகரி 1) இணைப்பு. இதில் கீழ்ப் பின்கள் 22 மில்லிமீட்டர், டாப் லிங்க் பின் 19 மில்லிமீட்டர். மிகச் சிறிய பழைய வண்டிகளில் 16 மில்லிமீட்டர் பின்களும் வரும். பின்னைச் சுமக்கும் உருண்டை தேய்ந்து, பின் அதில் லொடலொடவென்று ஆடினால் எந்தச் சரிசெய்தலும் நிலைக்காது. இரவல் வாங்கிய கருவியின் பின் சிறியதாக இருந்தால் அளவான புஷ் போடுங்கள். பழைய குழாய்த் துண்டைச் செருகிச் சமாளிக்காதீர்கள்.

மாட்டியதும் கருவியை நடுவில் நிறுத்துங்கள். இடது கீழ்க்கைக்கும் இடது டயரின் உட்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, வலப்பக்கமும் அதே அளவு வரும்படி செக் செயினைச் சுருக்குங்கள் அல்லது தளர்த்துங்கள். கருவி லேசாக அசையலாம், டயரில் உரசும் அளவுக்கு ஆடக்கூடாது. இங்கே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வெட்டும் அகலம் இரண்டு பின் டயர்களின் வெளி விளிம்பைத் தாண்டுகிறதா? தாண்டவில்லை என்றால், டயர் மிதித்துப் படுக்கவைத்த புல் வெட்டுப்படாமல் பிறகு எழுந்து நிற்கும். எவ்வளவு சமமாக நிறுத்தினாலும் அந்தக் கோடு போகாது.

இடம் வலம்

இப்போது வலது லிப்ட் ராடுக்கு வரலாம். ராடைக் குறைத்தால் அந்தப் பக்கம் உயரும், நீட்டினால் இறங்கும். கருவியைத் தரையிலிருந்து இரண்டு, மூன்று அங்குலம் தூக்கி, முட்டுக்கட்டையை அடியில் வைத்துக்கொண்டு அளங்கள். ஆனால் கருவியின் மேல்தகட்டை அளந்து திருப்திப்படாதீர்கள். பழைய கருவிகளின் தகடு எங்கேயாவது வளைந்திருக்கும், ஓரம் கட்டையில் இடித்து மடிந்திருக்கும். புல்லைத் தொடுவது பிளேடின் நுனிதான், அளக்க வேண்டியதும் அந்த நுனியைத்தான்.

தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிடிஓ நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, பிளேடைக் கையால் மெல்லத் திருப்புங்கள். ஸ்லேஷர் என்றால் பிளேடுகள் நடுத்தட்டில் தொங்கலாக மாட்டியிருக்கும், இழுத்து வெளிப்பக்கமாக நீட்டிவையுங்கள். நுனி இடது ஓரத்துக்கு நேராக வரும்போது தரையிலிருந்து அளங்கள். பிறகு அதே பிளேடை, அதே நுனியை, வலது ஓரத்துக்குக் கொண்டுபோய் அளங்கள். எதிர்ப் பிளேடை அளந்தால் அது வளைந்திருப்பது கருவியின் கோணலாகக் கணக்கில் வந்துவிடும். இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை ராடின் கைப்பிடியைச் சுழற்றுங்கள். எடை ஏறியிருந்தால் கைப்பிடி இறுகி நிற்கும், அப்போது பலவந்தப்படுத்தாமல் கருவியை முட்டுக்கட்டையில் இறக்கிவிட்டுச் சுழற்றினால் லேசாகத் திரும்பும். மரையில் துரு இருந்தால் முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். நம் மழைக்கு வெளியில் நிற்கும் வண்டியில் இந்த மரைதான் முதலில் இறுகும்.

இடம் வலத்தில் வித்தியாசமே வேண்டாம். முன் பின் அப்படியில்லை.

முன் பின்

பிளேடின் முன் நுனி பின் நுனியைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். ஸ்லேஷருக்கு 12 முதல் 25 மில்லிமீட்டர்வரை, திடலை மழமழவென வெட்டும் பினிஷ் மோயருக்கு 6 முதல் 12 மில்லிமீட்டர்வரை. உங்கள் கருவியின் கையேடு வேறு எண் சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். காரணம் எளிது. புல்லை முதலில் சந்திப்பது முன் நுனி. அது தாழ்ந்திருந்தால் புல் அங்கேயே அறுபட்டுப் பின்வழியாக வெளியேறிவிடும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஒரு முறை வெட்டிய புல்லையே பிளேடு மறுபடி அரைக்கும், எஞ்சின் முக்கும், ஈரப் புல் தகட்டுக்கு அடியில் அப்பிக்கொள்ளும். பின்பக்கம் சற்று உயர்ந்திருக்கும் கருவிக்குச் சிறிய வண்டியின் சக்தியே தாராளமாகப் போதும்.

இதை எதைத் திருகிக் கொண்டுவருவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். எல்லாரும் டாப் லிங்க்கைத்தான் முதலில் தேடிப் போகிறார்கள். புல்வெட்டியில் அதன் வேலை வேறு.

ஸ்லேஷரில் முன்பக்க உயரத்தைத் தாங்குவது டிராக்டரின் கீழ்க்கைகள், பின்பக்க உயரத்தைத் தாங்குவது கருவியின் வால் சக்கரம். ஆகவே முதலில் வால் சக்கரத்தைத் தேவையான துளைக்கு மாற்றிப் பின்பக்கத்தை வையுங்கள். பிறகு பொசிஷன் லீவரை மெல்ல இறக்கி, முன் நுனி சொன்ன அளவு தாழ்ந்ததும் லீவருக்கான நிறுத்தியை அந்த இடத்தில் இறுக்கிவிடுங்கள். வயலில் திரும்பும்போதெல்லாம் தூக்கி இறக்கினாலும் லீவர் அதே இடத்துக்கு வந்து நிற்கும். ஹைட்ராலிக் மெல்ல மெல்ல இறங்கும் பழைய வண்டியாக இருந்தால், உயரத்தைப் பிடித்துக்கொள்ளும் சங்கிலி ஒரு ஜோடி வாங்கி மாட்டுங்கள்.

டாப் லிங்க்கைக் கடைசியில் தொடுங்கள். ஸ்லேஷரின் முன்பக்கம் மேலே எழும் கம்பத்து உச்சியில் டாப் லிங்க் சேரும் இடம் பெரும்பாலும் ஆடும் துண்டாகவோ நீளத்துளையாகவோ இருக்கும். அது அசைவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். கருவி வேலை உயரத்தில் நிற்கும்போது அந்தத் துண்டு முன்னும் பின்னும் அசைய இடம் இருக்கும்படி டாப் லிங்க்கின் நீளத்தை வையுங்கள். அதேநேரம் முழுவதும் தூக்கினால் வால் சக்கரம் தரையைவிட்டு நன்றாக எழ வேண்டும். இந்த இரண்டும் பொருந்தும் நீளம்தான் சரியான நீளம். சோதித்துப் பார்க்க ஒரு பலகைத்துண்டு போதும். கருவியைத் தூக்கி, வால் சக்கரத்துக்கு அடியில் இரண்டு அங்குலப் பலகையை வைத்து இறக்குங்கள். பின்பக்கம் மட்டும் உயர்ந்து, கீழ்க்கைகள் இருந்த இடத்திலேயே இருந்தால் சரி. கீழ்க்கைகளும் சேர்ந்து எழுந்தால் டாப் லிங்க் இறுக்கமாக இருக்கிறது. இந்த இறுக்கத்தோடு செம்பனைக் காட்டுக்குள் போனால், வால் சக்கரம் மேட்டில் ஏறும்போது முன்பக்கமும் தூக்கிக்கொண்டு புல்லை விட்டுவிட்டுப் போகும். கானைத் தாண்டும்போது முழு எடையும் டாப் லிங்க்கில் தொங்கிக் கம்பம் வளையும்.

நான்கு மூலையிலும் சக்கரம் உள்ள பினிஷ் மோயர் இதைவிடச் சுலபம். உயரமும் சாய்வும் அந்தச் சக்கரங்களின் தண்டில் போடும் வளையங்களில்தான் இருக்கிறது. வளையங்களைச் சக்கரத் தண்டின் மேலிருந்து கீழுக்கு, கீழிருந்து மேலுக்கு மாற்றினால் உயரம் மாறும். முன் இரண்டிலும் ஒரே எண்ணிக்கை, பின் இரண்டிலும் ஒரே எண்ணிக்கை. பிறகு கீழ்க்கைகளை நன்றாக இறக்கி, எடை முழுவதையும் சக்கரங்களுக்கே விட்டுவிடுங்கள். டாப் லிங்க் பின் நீளத்துளையின் நடுவில் நிற்கட்டும். இந்தக் கருவியை டாப் லிங்க்கால் சமப்படுத்தப் போனால் முன் சக்கரமோ பின் சக்கரமோ காற்றில் நிற்கும், அதன்பின் திடல் முழுக்க அலை அலையாகத்தான் வெட்டும்.

டாப் லிங்க்கை நீட்டும்போது இரு முனை மரைகளும் குழாய்க்குள் போதிய அளவு மிச்சமிருக்க வேண்டும். கடைசி மரைவரை நீட்டிய டாப் லிங்க் ஓடும்போது பிடுங்கிக்கொண்டு வந்தால் கருவி பின்னால் புரளும். நீளம் போதவில்லை என்றால் பெரிய டாப் லிங்க் வாங்குங்கள். வைத்த நீளம் மாறாமல் பூட்டும் லாக் நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள், கையால் இறுக்கியது நிற்காது.

உயரம் மாறியதால் பிடிஓ தண்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களும் வேலை நிலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றையொன்று மூடியிருக்க வேண்டும். தண்டு மிகவும் சுருங்கும் நிலையிலும் 25 மில்லிமீட்டர் இடம் மிச்சமிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டு முட்டி கியர்பாக்ஸ் உடையும். பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் மாற்றாமல் ஓட்டாதீர்கள். கைலியோ தொங்கும் சட்டை நுனியோ ஒருமுறை சுற்றினால் போதும், இழுத்துக்கொள்ளும்.

புல் சொல்வதைப் படியுங்கள்

சிமெண்டுத் தரையில் சரியாக வந்தது திடலிலும் சரிதானா என்று வெட்டித்தான் பார்க்க வேண்டும். பிடிஓவுக்கு உரிய எஞ்சின் வேகத்தை வையுங்கள். சிறு டிராக்டர்களில் பின் பிடிஓ வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதற்கான எஞ்சின் வேகம் டாக்கோ மீட்டரில் குறித்திருக்கும். மெதுவான கியரில் ஒரு பட்டை போய், பக்கத்துப் பட்டையில் திரும்பி வாருங்கள். இறங்கிக் குனிந்து பாருங்கள்.

இரண்டு பட்டைகளிலும் வண்டியின் ஒரே பக்கத்து ஓரம் (இரண்டிலும் இடது, அல்லது இரண்டிலும் வலது) உயர்ந்து தெரிந்தால் இடம் வலம் இன்னும் சரியாகவில்லை, ராடைக் கால் சுற்று திருகுங்கள். போகும்போது வெட்டியதும் வரும்போது வெட்டியதும் திடலின் ஒரே பக்கம் பார்த்து உயர்ந்திருந்தால் திடல்தான் சாய்ந்திருக்கிறது, ராடைத் தொடாதீர்கள். வெட்டிய புல் பின்னால் கட்டி கட்டியாக விழுந்தால் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது, அல்லது புல் ஈரம். மேட்டின் உச்சியில் மட்டும் மண் தெரிந்தால் உயரத்தைக் கூட்டுங்கள், சமம் செய்வதால் அது தீராது. புல்நுனி கிழிந்து மறுநாள் பழுப்பாகத் தெரிந்தால் அப்போதுதான் பிளேடைத் தீட்டும் நேரம்.

பள்ளித் திடல்களில் நம் பக்கம் பரவலாக இருக்கும் அகன்ற இலைக் கவ் கிராஸ் தரையோடு படர்வது. அதை 40, 50 மில்லிமீட்டர் உயரத்தில் விட்டால் அடர்ந்து பச்சையாக நிற்கும். விளையாட்டுப் போட்டி நெருங்குகிறது என்று ஒட்ட வழித்துவிடச் சொல்வார்கள். ஒரு வாரம் முன்னும் மறுபடி முந்தின நாளும் வெட்டித் தருகிறேன் என்று பேசிப்பாருங்கள். ஒரேயடியாக வழித்தால் அடுத்த மழையில் சேறுதான். செம்பனை நிரைகளுக்கு நடுவே லாலாங் வெட்டும்போது கதை வேறு. அங்கே மட்டைத் துண்டும் கட்டை மரமும் புல்லுக்குள் மறைந்து கிடக்கும். 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள், அழகு பார்க்கும் இடமல்ல அது. மூடுபயிர்க் கொடி பிளேடுத் தண்டில் சுற்றிக்கொண்டால் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் வெட்டி எடுக்க வேண்டும்.

வீடும் பள்ளியும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் ஸ்லேஷரின் முன்னும் பின்னும் தொங்கும் தடுப்புச் சங்கிலிகள் முழுசாக இருக்கட்டும். முன்பக்கம் தாழ்ந்த கருவிக்குப் பின்னால் இடைவெளி கூடும், கல் அந்த வழியாகப் பறக்கும். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் வெட்டுங்கள்.

எல்லாம் ஒழுங்காக வந்ததும் ஒரு மணி நேரம் வெட்டிவிட்டு நிறுத்தி, லாக் நட், பின் கழலாமல் பிடிக்கும் லிஞ்ச் பின், செக் செயின் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். புதிதாக இறுக்கியது அதிர்வில் ஒருமுறை தளரும். பிறகு வலது ராடிலும் டாப் லிங்க்கிலும் மரை வெளியே தெரியும் இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கருவி வைத்திருப்பவர்கள் ஸ்லேஷருக்கு வெள்ளை, பினிஷ் மோயருக்கு மஞ்சள் என்று பிரித்துக்கொள்ளலாம். அடுத்த முறை கருவி மாற்றும்போது அந்தக் கோட்டுக்குத் திருப்பிவிட்டு, பிளேடு நுனியை ஒருதரம் மட்டும் அளந்தால் போதும்.